பனிமலை மெடல்

ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. போனில் சொல்ல முடியாது; அப்பா பக்கத்திலேயே இருக்கிறார்.

டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமைதோறும் திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் முன்னாள் ராணுவத்தினர் ஆபீஸுக்குப் போய்விடுகிறார். சியாச்சின் பனிமலையில் இருந்ததற்கான மெடல் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஏறவில்லை. சவப்பெட்டியில் படுக்கவைக்கும்போது அது சட்டையில் இருக்க வேண்டுமாம்.

போன வாரம் என்னையும் கூட்டிப் போனார்.

"அப்பவே மெடல் பத்தி உங்களுக்குத் தபால் அனுப்சிக்கிறாங்க. நீங்கதான் பதில் போடல" என்றார் கிளார்க்.

"ஒண்ணும் வர்ல சார். வூட்ல இருந்தது இவதான், கேளுங்க."

வந்தது. கார்கில் சண்டை நடந்த வருஷம். நீ கைக்குழந்தை, அவர் பட்டாளத்தை விட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இங்கிலீஷில், சிங்க முத்திரையோடு இருந்தது. திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, கேப்பைக் கூழ் கொதித்த அடுப்பில் போட்டுவிட்டேன். இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை.

தபால் வரவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் மெடலுக்கு மறுபடி எழுதலாமாம். அப்பா பேனாவைத் திறந்து நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

"நீ பொய் சொல்லமாட்டன்னு அவனுக்கே தெரிஞ்சிடுச்சி பாரு" என்று பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பாவத்தோடு நற்கருணை வாங்கக் கூடாது; ஞாயிறு பூசையில் நான் எழுந்து போகவில்லை. முட்டி வலி என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். போன் செய்தால் முட்டியைப் பற்றிக் கேள்.

அம்மா