காசில்லாததற்கு அபராதம்

என் வீட்டுக்காரருக்கு,

வேண்டாம் என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்ட வழக்கில் ஜெயித்துவிட்டேன். கணக்கில் இருப்பு குறைந்ததற்கு அபராதம், அந்த அபராதத்தால் மேலும் குறைந்ததற்கு இன்னொரு அபராதம் என்று வங்கி பிடித்தது செல்லாதாம். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் திருப்பித் தர வேண்டுமாம்.

"காசில்லாதவங்ககிட்ட, காசில்லைன்னு சொல்றதுக்கே காசு வாங்குவீங்களா?" என்று நீதிபதி கேட்டதும் வங்கி வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே, வங்கியின் ஃபைல்களைச் சுமந்து வந்த பியூன் என்னிடம் ஓடி வந்தார். "எனக்கும் பிடிச்சாங்கம்மா. வேலை போயிடும்னு வாயைத் திறக்கல," என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த நம் தையல் கடையைத் திறந்தேன். ஒட்டடை அடித்து, உங்கள் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். சும்மாதான். அங்கே முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப ரொம்ப நாளாகுமா?

சிரித்துச் சிரித்து வாய் வலிக்கும்,
உங்கள் சண்டைக்காரி