விருந்தாளிகளுக்கு முதுகு காட்டிய மேளம்

செலண்டார்

அன்பு மகன் நிவேந்திரனுக்கு அம்மா நிர்மலாதேவி சொல்லச் சொல்ல, தங்கை தேவமலர் எழுதுவது. அம்மா, நான், சமையற்கட்டில் குட்டி போட்ட பூனை எல்லாரும் சுகம். மீரியில் கடல்மேல் எண்ணெய் மேடையில் வேலை செய்யும் உனக்கு உடம்பும் உறக்கமும் ஒழுங்காக அமைய வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறார். இதோடு வரும் பொட்டலத்தில் முறுக்கும் காரமான நெத்திலிச் சம்பலும் இருக்கின்றன. ஃபோனில் பேசினால் பாதி காற்றில் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம்.

நீ விட்டுப்போன உறுமி மேளக் குழுவைப் பற்றித்தான் முக்கியச் செய்தி. உன் உறுமியை இப்போது கோகுலராஜ் அத்தான் வாசிக்கிறார், குழுவும் அவர் பொறுப்புதான். போன மாதம் மெர்லிமாவில் ஒரு கல்யாண விருந்து. இதுவரை கோயில் வாசலில்தானே வாசித்தார்கள்? சாமியைப் பார்த்து நின்று பழகிய கால்கள் மேடை ஏறியதும் தாமாகவே திரும்பிவிட்டன. மணமக்கள் மேடையின் பின்பக்கம் அலங்கார நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அத்தனை பேரும் அவர்களையே பார்த்து வாசித்தார்கள். சாப்பிட்டவர்களுக்குத் தெரிந்தது சட்டை முதுகில் இருந்த புலிப் படம் மட்டும். அதோடு நீ வைப்பது போலவே உறுமிக்குப் பக்கத்தில் மைக். மூடிய மண்டபத்தில் அது முழங்கியதில் குழுவின் பாடகி புனிதா பாடிய ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஒலிபெருக்கி அவளுக்குப் பின்னால் இருந்ததால் மைக் வேறு வீலென்று கத்தியது. ஒரு பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, கல்யாணப் பொண்ணுக்குச் சாமி வந்துடப் போகுதுலா, நிப்பாட்டுங்க!" என்றார்.

அங்கே வந்திருந்த முனுசாமி மாமா, மகள் பவானேஸ்வரி அக்காவின் கல்யாண விருந்துக்கு நம் குழுவைச் சொல்லி வைத்திருந்தவர், மறுநாளே டிஜே பார்க்கிறேன் என்றுவிட்டார். இதுவும் போனால் குழுவைக் கலைத்துவிடுவேன் என்றார் அத்தான். அம்மாதான் அவரைத் திட்டி, மாமா வீட்டுக்கு அனுப்பி, ஒரு தடவை வந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்க வைத்தார். பிறகு தினமும் சாயங்காலம் பொது மண்டபத்தில் பயிற்சி. நான் மண்டபத்தின் கடைசியில் நின்று, பாட்டின் சொல் புரிந்தால் கையைத் தூக்க வேண்டும். முதலில் தூக்கவே இல்லை. உறுமியின் மைக்கை எடுத்தோம், ஒலிபெருக்கிகளைப் புனிதாவுக்கு முன்னால் கொண்டுபோய் நாற்காலிகள் பக்கம் திருப்பினோம், பாதி தூக்கினேன். உறுமியை ஓரத்துக்கு நகர்த்திப் புனிதாவை நடுவில் நிறுத்தியபோதுதான் கை முழுதாக உயர்ந்தது. அண்ணே, அந்த நடு இடம் உன்னுடையது. இதை எழுதலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "எழுது, ஆனா பதமா எழுது" என்றார். பதமாக எழுத வரவில்லை, அதனால் நேராக எழுதிவிட்டேன்.

நேற்றுப் பயிற்சியைக் கேட்க முனுசாமி மாமா வந்தார். கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், இரண்டாவது பாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முடிந்ததும், "அட, பாட்டு புரியுதே!" என்று சொல்லிவிட்டு, அங்கேயே டிஜேவுக்கு ஃபோன் போட்டு, "தம்பி, வேண்டாம்லா, நம்ம பிள்ளைங்களே இருக்காங்க" என்றார். அத்தான் கண்ணைத் துடைத்தார். வியர்வையாம்.

விருந்து உன் விடுமுறையில்தான் வருகிறது. அத்தான் சொல்லச் சொன்னது: "வந்தா ஓரத்துல நின்னு அடிக்கட்டும். நடுவுலதான் நிப்பேன்னா சாப்பாட்டு மேசையில இடம் போடுறேன், தின்னுட்டுப் போகட்டும்." புலிச் சட்டை வேண்டாம் என்று அம்மா எல்லாருக்கும் மெரூன் ஜிப்பா தைக்கிறார். உன் துணியை மட்டும் இன்னும் வெட்டவில்லை.

காற்றும் கடலும் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அம்மாவின் ஆசி. மறக்காமல் நெஞ்சளவு அனுப்பு. அளவு வந்தால் ஓரத்துக்குச் சம்மதம் என்று அத்தானிடம் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
அம்மா நிர்மலாதேவி,
அவர் சொன்னதையும் சொல்லாததையும் எழுதிய தேவமலர்