செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்ட பாட்டு

மச்சான்,

மேடவாக்கத்தில் புதிதாக ஒரு ஷவர்மா கடை திறந்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் தண்ணி லாரிக்குப் பின்னால் பைக்கோடு மாட்டிக்கொண்டு நின்றபோது, பூண்டு வாசனையோடு உன் அரபிப் பாட்டும் வந்தது. முதலில் கொட்டு இல்லாமல் தனிக்குரலில் அந்த நீண்ட இழுப்பு. அப்புறம் தும் தக தக, தும் தக. கைத்தட்டல், வழுக்கிக்கொண்டு போகும் வயலின்கள். லாரி நகர்ந்தும் நான் நகரவில்லை. பின்னால் வந்தவன் ஹாரனிலேயே என்னைத் திட்டித் தீர்த்தான்.

மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்து நீ கொண்டுவந்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். தாம்பரத்துக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் உன் வண்டியில் அதுதான் ஓடும். அர்த்தம் கேட்டேன். "உன் தெருவுல நடந்து நடந்து செருப்பே தேஞ்சுபோச்சு, ஒரு தடவ ஜன்னலத் தொறந்து பாருடின்னு கெஞ்சறான் மச்சான். அவளும் தொறக்க மாட்டா, இவனும் வுட மாட்டான்" என்றாய். கல்யாணமான புதிதில் உன் பெண்டாட்டிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, அங்கிருந்து போனில் நீ பாடியதும் இதையேதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட உன் வாய் அடங்கவில்லை. "என் படத்திறப்புல எவனாவது சோகப்பாட்டு போட்டான், போட்டோலேர்ந்து எறங்கி வந்து ஒதைப்பேன். நம்ம பாட்டுதான் ஓடணும். நீதான் பொறுப்பு." நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன்.

சேலையூர் மண்டபத்தில் உன் படத்துக்கு மாலை போட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. நீ போன நாளிலிருந்து தங்கச்சி அழவில்லை, யாரிடமும் பேசவில்லை. இந்தக் கும்மாளப் பாட்டைக் கேட்டு அவள் இன்னும் இறுகிப்போனால் என்ன செய்வது? ஆனாலும் உனக்குக் கொடுத்த வாக்கு. போட்டேன்.

அந்த இழுப்பு எழுந்ததும் முன்வரிசையில் இருந்த உன் மாமனார் சட்டென்று எழுந்தார். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். "அவரோட மஸ்கட் ஃப்ரெண்ட்ஸ் துவா ஓதறாங்க போல. எல்லாரும் எழுந்திருங்கப்பா" என்றார். மண்டபமே எழுந்து கைகட்டி நின்றது. கொட்டு ஆரம்பித்தும் யாரும் உட்காரவில்லை. பாட்டில் பெண்களின் குலவைச் சத்தம் வந்தபோதுதான் பெரியவர் லேசாக முழித்தார்.

தங்கச்சி அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. பதறிப்போய் அருகில் ஓடினேன், சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, செருப்ப மாட்டுங்க. இது சாமிப் பாட்டு இல்ல. என்னைக் கெஞ்சற பாட்டு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொங்கிவிட்டது. அவர் அவளை அணைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடுப்பா" என்றார்.

நேற்று ஷவர்மா வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் தாளம் என் விரல்களை விட்டுப் போவதாக இல்லை. பொட்டலத்தின் மேலேயே தட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தவள், "நம்ம பாட்டா அண்ணா?" என்றாள். ஆமாம் என்று மறுபடி தட்டிக் காட்டினேன்.

"தப்பு" என்று சொல்லிக் கதவிலேயே சரியாகத் தட்டினாள்.