ஆறு கட்டில் வீடு

சீனியக்கா,

இன்று காலை ஆறரை மணிக்கு, நான் துப்பரவு வேலை செய்யும் பயண முகவர் கடையைத் திறந்தபோது, வாசலில் புதுக் கட்டுகள் வந்து கிடந்தன. அடுத்த வருடத்து விடுமுறைப் புத்தகங்கள். அடுக்கி வைப்பதற்காகக் கயிற்றை வெட்டினேன். அந்த மணம் வந்தது. வழுவழுத்த தாளும் காயாத மையும் கலந்த மணம். கொஞ்சம் மண்ணெண்ணெய் மாதிரி, கொஞ்சம் புதுச்சட்டை மாதிரி. மேலே கிடந்தது கனாரித் தீவுகள். நிலம் துடைக்கும் தடியைச் சுவரில் சாத்திவிட்டு அந்தக் கட்டின் மேலேயே இருந்துவிட்டேன்.

எனக்கு எழுத்துப் பெரிதாக வராது என்று உங்களுக்குத் தெரியும். ஏழாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நேற்று உங்கள் மகள் வதனி ரெலிபோன் எடுத்தாள். அவள் கேட்ட கேள்வி நெஞ்சில் நிற்கிறது. அதைச் சொல்ல முதல் மற்றதையெல்லாம் சொல்லவேண்டும்.

ஜேர்மனிக்கு வந்து நாங்கள் இருந்த அந்த அகதிகள் விடுதி, ஹைம், ஹனோவரிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரம். எங்கள் அறையில் இரண்டு இரும்புக் கட்டில், ஒரு அலுமாரி, தெருவைப் பார்த்த ஒரு யன்னல். எங்கள் கையிலிருந்த அட்டையில் எழுதியிருந்தது, அனுமதி இல்லாமல் இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று. பஸ்ஸில் நாலாவது தரிப்புக்கு முன்னால் ஒரு மஞ்சள் பலகை வரும். அதற்கு அங்கால் வேறு மாவட்டம். நாங்கள் மூன்றாவதில் இறங்கிவிடுவோம். இறங்கி, பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அந்தப் புத்தகத்தை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். கடை வாசலில் சும்மா எடுக்க வைத்திருந்ததாம். "நல்ல தடிச்ச தாள் பிள்ளை, அலுமாரித் தட்டுக்கு விரிக்கலாம்" என்றீர்கள். விரிக்கும்போது ஒரு படத்தில் கண் நின்றுவிட்டது.

"உதென்னடி, வீட்டுக்குக் கீழை கட்டில் கீறியிருக்கு?"

"எத்தினை பேர் படுக்கலாம் எண்டு காட்டினம் அக்கா. கிழமைக் கணக்கிலை வாடகைக்குக் குடுக்கிற வீடுகள். கடலுக்கை கிடக்கிற தீவுகள்."

"தீவுக்கே? காசு குடுத்துத் தீவுக்குப் போகினமோ? உங்கட ஆக்கள் தீவை விட்டு ஓட வள்ளம் தேடித் திரிஞ்சவையெல்லே?"

நான் புங்குடுதீவாள். நீங்கள் யாழ்ப்பாணப் பட்டினம். அந்த எடுப்பு உங்களுக்குக் கடைசிவரை போகவில்லை.

"ஓமோம், நாங்கள் தீவார்தான். பட்டினத்தாக்கள் இப்ப எங்கை இருக்கினம்? எனக்குப் பக்கத்துக் கட்டிலிலை."

சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் அலுமாரிக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஹைமில் ஆளுக்காள் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் கதவைச் சாத்திவிட்டுத் தீவு பார்ப்போம். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், நீங்கள் தீர்ப்புச் சொல்வீர்கள். கறுத்த மலையில் ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். "வேண்டாம், என்ரை இடுப்புத் தாங்காது." ஒரு மலையில் மண்ணுக்குள்ளிருந்து வரும் சூட்டிலேயே கோழி வாட்டித் தருவார்களாம். "விறகு மிச்சம்." ஒரு தீவில் இடையர்கள் இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு விசிலடித்தே கதைப்பார்களாம். அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னீர்கள். பிறகு மெல்லக் கேட்டீர்கள்: "இஞ்சையிருந்து அடிச்சா ஸ்டுட்கார்ட்டிலை வதனிக்குக் கேக்குமோ?"

வீடு தெரிந்தெடுப்பதில்தான் உங்கள் கெட்டித்தனம். ஒன்றில் கட்டில் நாலு, சட்டி இரண்டு, அது சரிவராது. ஒன்றில் கக்கூசுக் கதவு குசினிக்குள் திறந்தது. அப்படி அப்படிக் கழித்துக் கடைசியில் ஒரு வெள்ளைச் சுவர் வீடு பிடித்தது. கடலுக்கு மூன்று நிமிட நடை. ஆறு கட்டில்.

"நான், நீ, வதனி, மருமகன், பிறக்கப்போற குஞ்சு. அஞ்சு பேர். ஆறாவது கட்டில் என்னத்துக்கு?"

"உடுப்பு மடிச்சு வைப்பம் அக்கா."

"ஓம். இஞ்சை கட்டிலுக்குக் கீழை வைச்சு எல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு."

வதனிக்கு மாதம் ஏறிக்கொண்டு வந்தது. தலைப் பிள்ளை. தாய் பக்கத்தில் நிற்காமல் எங்களில் யார் பெற்றது? வெளிநாட்டவர் கந்தோருக்கு அனுமதி கேட்டு முதலாவது அன்ராக்கை, அந்த விண்ணப்பத்தை, உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தோம். மகளுக்குக் கணவன் இருக்கிறார், ஆஸ்பத்திரி இருக்கிறது, தாய் போகவேண்டிய அவசியம் இல்லை என்று பதில் வந்தது.

அன்றைக்குக் கந்தோரில் நான் ஒன்றைக் கவனித்தேன். எங்களுடைய கோப்பைப் பார்க்கும் அந்தப் பெண், அடுத்த திங்கள் தொடக்கம் தான் மூன்று கிழமை விடுமுறை என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் சுவரில் பனைபோல் ஒரு மரமும் கடலும் உள்ள படம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இந்த நாட்டில் எதைக் கேட்டாலும் ஏன், எதற்கு, அத்தாட்சி எங்கே என்று கேட்பார்கள். விடுமுறையை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை என்று நினைத்தேன். பெரிய கண்டுபிடிப்பு.

ஹைமில் எனக்கு எழுதத் தெரிந்தவள் என்று பெயர். மற்றவர்களுக்கு இரண்டு வருடம் முந்தி வந்ததால் நாலு சொல் கூடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் என் கதவைத் தட்டும்போது ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் இரண்டாவது அன்ராக்கை எழுதினேன். என்ன காரணம்: விடுமுறை. எங்கே: கனாரித் தீவுகள். மாவட்டத்தை விட்டு வெளிக்கிட ஒரு தாள் கிடைத்தால் போதும், பிறகு ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்பது என் எண்ணம். எந்த அன்ராக்குக்கும் ஒரு அத்தாட்சி வைக்கவேண்டும் என்று எங்களுக்குள் ஒரு வேதம் இருந்ததே. அதற்காக அந்த ஆறு கட்டில் வீட்டுப் பக்கத்தைக் கிழித்து அதில் குத்தினேன். ஹைம் மெஷினில் பிரதி எடுத்து ஒன்றை உங்கள் பெட்டிக்குள்ளும் வைத்தேன்.

"பொய் எழுதிறதோடி?"

"பொய்யில்லை அக்கா. வீடு தெரிஞ்செடுத்தனாங்கள்தானே."

நீங்கள் தமிழில் கையெழுத்து வைத்தீர்கள்.

விடுமுறை முடிந்து வந்திருந்த அந்தப் பெண் அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. உள்ளே போய் இன்னொரு ஆளைக் கூட்டிவந்தாள். அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார்: உயிருக்குப் பயந்து வந்தேன் என்கிறவர் உல்லாசப் பயணம் கேட்கிறார், இதைக் கோப்பில் வைத்துக்கொள்கிறோம் என்று. உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வெளியே வந்து, "இல்லையாம் அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து வதனியின் டொக்டரிடமிருந்து கடிதம் வந்தது. இரத்த அழுத்தம் கூட, தாய் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று. ஓடிக்கொண்டு போனோம். இந்த முறை தருவாள் என்று நானும் நம்பினேன். அவள் கோப்பைப் புரட்டினாள். அந்த வெள்ளைச் சுவர் வீட்டில் விரலை வைத்தாள். "போன முறை தீவு. இந்த முறை மகளா?" அவ்வளவுதான். உண்மையான கடிதத்துக்குப் பெறுமதி இல்லாமல் போனது என் எழுத்தால். அதைத்தான் நீங்கள் பஸ்ஸில் என்னிடம் கேட்டு முழுக்க விளங்கிக்கொண்டீர்கள். கேட்டுவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

பிள்ளை பிறந்த செய்தி வந்த மறுநாள் விடிய நான் எழும்பியபோது உங்கள் கட்டில் விரித்தபடி வெறுமையாகக் கிடந்தது. பெற்ற உடம்புக்கென்று வறுத்து இடித்து வைத்த சரக்குத்தூளையும் காணவில்லை. பின்னேரம் ஒரு பொலிஸ் வாகனம் வந்து வாசலில் நின்றது. ரயில் மாறும் இடத்தில் அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். நான் படியில் இருந்தேன். நீங்கள் சீலையைச் சரிசெய்துகொண்டு இறங்கி, என்னைத் தாண்டும்போது கேட்டீர்கள்:

"சோறு கிடக்கோ?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

சாப்பிட்டபின் ரெலிபோன் கூண்டுக்குப் போனோம். வதனிக்கு, "எனக்கு முழங்கால் நோ பிள்ளை, வெளிக்கிட ஏலாது" என்று சொன்னீர்கள். அவள் அழுவது எனக்கும் கேட்டது. வெளியே வந்து என் கையைப் பிடித்தீர்கள். "பெத்த உடம்புக்காரி. இதெல்லாம் கேட்டு ஏங்கினா பால் வத்திப்போம். ஒண்டும் சொல்லாதை. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

அந்தக் குளிரிலேயே, தை மாதம், குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு விழுந்தீர்கள், பிறகு எழும்பவில்லை. மருமகன் ஒழுங்கு செய்த வாகனம் உங்களை ஸ்டுட்கார்ட்டுக்குக் கொண்டுபோனது. அந்த மஞ்சள் பலகையை அது தாண்டுவதை மூன்றாவது தரிப்பில் நின்று பார்த்தேன். ஒருவரும் மறிக்கவில்லை. செத்த வீட்டுக்கு நான் அனுமதி கேட்டுப் போயிருக்கலாம். இன்னொரு அன்ராக் எழுதப் பேனையை எடுத்தேன். கை ஓடவில்லை.

எனக்கு இப்போது தாள் கிடைத்துவிட்டது அக்கா. எங்கேயும் போகலாம். கடைக்காரப் பெண், "நீயும் ஒரு கிழமை தீவுக்குப் போய் வாவேன்" என்கிறாள். அடுத்த வருடம் என்கிறேன். தீவு கிடக்கட்டும், ஸ்டுட்கார்ட்டுக்கே நான் போகவில்லை. உங்கள் பேரனுக்கு நாலு வயது தாண்டிவிட்டது, படத்தில்தான் தெரியும். பஸ் அந்தப் பலகைக்குக் கிட்ட வரும்போது இன்றைக்கும் என் கை தானாகக் கைப்பைக்குள் போய் அட்டையைத் தேடுகிறது. மூன்றாவது தரிப்பில் மணியை அமத்திவிடுகிறேன்.

நேற்று வதனி சொன்னாள், ஜேர்மன் வகுப்பில் படித்து இப்போதுதான் ஓரளவு வாசிக்கிறாளாம். அன்றைக்கு வாகனத்தோடு போன உங்கள் பெட்டியைத் திறந்து பழைய கடுதாசிகளைப் பார்த்திருக்கிறாள்.

"அன்ரி, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லுங்கோ. எனக்குப் பிள்ளை பிறக்கேக்கை அம்மா தீவுக்கு உல்லாசம் போகவோ அனுமதி கேட்டவ? அம்மான்ரை கையெழுத்துக் கிடக்கு. வீட்டுப் படமும் கிடக்கு. எனக்கு முழங்கால் நோ எண்டெல்லே சொன்னவ?"

சத்தியத்தை உடைத்துவிட்டேன் அக்கா. பேரன் பால் மறந்து எத்தனையோ நாள். அந்தப் பழி உங்கள் தலையில் கிடக்க விடமாட்டேன். முதல் அன்ராக்கிலிருந்து பொலிஸ் வாகனம் வரை, சரக்குத்தூள் வரை, ஒன்றும் விடாமல் சொன்னேன். எழுதினது நான், கிழிச்சுக் குத்தினதும் நான் என்று சொன்னேன். ஏசுவாள் என்று ரெலிபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா உங்களோட கோவிக்கேல்லையோ, அன்ரி?"

எனக்குத் தெரியாது பிள்ளை என்றேன். அதுதான் உண்மை. ஒரே அறையில் மூன்று அடித் தூரத்தில் படுத்திருந்தோம். நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லை, நானும் கேட்கப் பயந்துவிட்டேன்.

படியில் இருந்த என்னைத் தாண்டிப் போனபோது, சோறு கேட்ட அந்த நேரத்தில், உங்கள் மனதில் என்ன இருந்தது, சீனியக்கா?