ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாள்

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாப்பாவைத் தூக்கும்போது சட்டென்று குனியாதீர்கள்.

நான் வேலை பார்க்கும் வீட்டில் கேனரிக் குருவி நான்கு குஞ்சு பொரித்திருக்கிறது. நேற்று மேடம் தட்டில் மிச்சம் வைத்த அவகாடோவை, விலை கூடின பழமாயிற்றே, குஞ்சுகளுக்குச் சத்தாக இருக்கட்டும் என்று கூண்டுக்குள் வைத்துவிட்டேன். மேடம் ஓடி வந்து, "ஐயையோ, அது குருவிக்கு விஷம்! இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினார்கள். நல்லவேளை, குருவி வாய் வைக்கவில்லை. பயப்படாதீர்கள், வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை.

இப்போது ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். வேகவைத்த முட்டையை மசித்து வைக்கலாம், ஆனால் கெட்டுப்போவதற்குள் எடுத்துவிட வேண்டும். கழுவின கீரை வைக்கலாம். அவகாடோவும் வெங்காயமும் கூடவே கூடாது. எல்லாம் அதன்படிதான் செய்கிறேன். ஆனாலும் கடைசிக் குஞ்சு காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. தாய்தான் ஊட்ட வேண்டுமாம். நான் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன்.

பாப்பாவுக்கு இப்போது என்னென்ன ஊட்டுகிறீர்கள்? எது ஒத்துக்கொள்கிறது, எதைத் துப்புகிறாள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். முட்டையை எடுக்க நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். ஃப்ரிட்ஜில் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.