துரவுக்குத் திரும்பாத பனையேறிகள்

என் அருமை மச்சாள் மனோன்மணி,

எங்கே போனாலும் ஈரமான இடமாகத்தான் பார்த்து இருந்திருப்பீர். காலில் சேறு படாமல் உமக்கு ஒரு நாளும் போனதில்லையே. அங்கேயும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏதாவது பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறீர்?

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் உளைவு. வாய்க்கு மட்டும் ஒரு குறையுமில்லை. செவலைப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது. ஊர்காவற்றுறைக்குப் போகிற வள்ளத்துக்குப் புது இயந்திரம் பூட்டியிருக்கிறார்கள். சத்தம் கூடியிருக்கிறது, வேகம் கூடவில்லை. பள்ளிக்கூடத்தில் உம்முடைய இடத்துக்கு வந்த விஞ்ஞான மாஸ்டர் தவளையைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்கிறாராம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"விசயத்துக்கு வாரும் மச்சாள்" என்று நீர் சொல்வது கேட்கிறது. வருகிறேன், பொறும். இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள், அவர்களுக்கு உம்மைத் தெரியாது.

மனோன்மணி மண்கும்பானில் பிறந்தவர். கொழும்பில் விலங்கியல் படித்தவர். பதுளையில் கடை வைத்திருக்கும் என் அண்ணையைக் கட்டி, இந்த நெடுந்தீவுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். வந்த வருசமே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஆவணியில் எங்கள் குளம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது, நடுக்குளத்தில் மாடு படுக்கிறது. ஐப்பசி மழைக்கு நிரம்பினால், சில நாளில் அதே குளத்தில் பனையேறி மீன் துள்ளுகிறது. சுற்றிவரக் கடல். இந்த நல்லதண்ணி மீன் எங்கேயிருந்து வருகிறது?

எங்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை, மச்சாள். நாங்கள் கடல் மீன் தின்று வளர்ந்த சனம். குளத்து மீன் என்றால் சேற்று மணம் என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள். தின்னாத மீன் எங்கே போனால் எங்களுக்கென்ன? நீர் விடாமல் கேட்டபடியால் நானும் ஒரு பதில் சொன்னேன்.

"மழையோட மேலயிருந்து விழுகுது."

"அப்ப ஏன் உங்கட குசினிக்கூரையில ஒண்டும் விழேல்லை?"

"குசினிக்கூரையில விழுந்தா பூனை விடுமே?"

நீர் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்தான். இந்த ஊரிலே பிறந்தவள் நான், வந்தவள் நீர். ஆனாலும் உம்மோடு வாதாடினால் பொழுது போகும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அந்த ஐப்பசியை மறப்பேனா? எங்கள் தோட்டத்து மூலையில் இருக்கிற துரவிலே, இறங்கித் தண்ணீர் அள்ளுவதற்குத் தோண்டிய அந்தப் பெரிய பள்ளத்திலே, பனையேறிகள் கிடப்பதைக் கண்டுபிடித்தீர். நல்லதாகச் சிலதைப் பிடித்து, மருந்துப் போத்தலில் போட்டுக் கொழும்பிலிருக்கிற உம்முடைய பேராசிரியருக்கு அனுப்ப வேண்டுமென்று கொண்டுவந்தீர். கொண்டுவந்த நாள் கந்தசஷ்டி தொடக்கம்.

அம்மா வாசலிலேயே மறித்துவிட்டா. "சஷ்டி முடியுமட்டும் இந்த வளவுக்குள்ள உயிர்க்கொலை ஏலாது, பிள்ளை. போத்தலும் வேண்டாம் மருந்தும் வேண்டாம்."

"மாமி, இது படிப்புக்கு."

"முருகனுக்கு அது விளங்குமோ தெரியாது. எனக்கு விளங்கேல்லை."

நீரும் விரதம்தானே, எதிர்த்துப் பேச முடியவில்லை. முற்றத்தில் கிடந்த பெரிய கிடாரத்தில் தண்ணீர் ஊற்றி, சஷ்டி முடியுமட்டும் உயிரோடு இருக்கட்டும் என்று மீனை விட்டீர். அடுத்த நாள் விடியக் கொட்டியது பார்த்தீரோ ஒரு மழை! கிடாரம் நிரம்பி வழிந்து கிடக்கிறது, உள்ளே ஒரு மீனும் இல்லை. நான் உடனே பூனையைத் திட்டத் தொடங்கினேன். பாவம், பூனை அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடந்தது.

நீர்தான் கண்டீர். கல்மதிலடியில், செவுள் மூடியை நிலத்தில் ஊன்றி ஊன்றி, குடிகாரன் மாதிரிச் சரிந்து சரிந்து ஒரு பனையேறி நடந்து போகிறது! மதிலுக்குக் கீழே இருந்த ஓட்டையால் ஒழுங்கைக்கு இறங்கி, ஓடுகிற வெள்ளத்தோடு குளத்துப் பக்கம் போகிறது. நீர் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனீர். குடை உமக்கு மேலே இல்லை, மீனுக்கு மேலே.

"ஏன், மீனுக்குத் தடிமன் பிடிச்சிடுமோ?" என்று நான் கத்தினேன்.

"மழை தெறிச்சு அது நடக்கிற விதம் தெரியுதில்லை மச்சாள்! ஓடிப்போய்த் துரவைப் பாரும்!"

ஓடினேன். துரவின் சரிவால் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன. பனைமரம் நிறைந்த ஊரில் ஒரு பனையிலும் இந்த மீன் ஏறி நான் கண்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவை நடந்ததை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். அம்மா மட்டும் விரதத்தை இவ்வளவு கடுமையாகப் பிடித்திராவிட்டால் அந்த மீன்கள் போத்தலுக்குள் செத்துக் கிடந்திருக்கும், எங்களுக்கு ஒன்றும் தெரிந்திராது.

பிறகு நீர் நகவெட்டிக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தீர். நடந்து வருகிற மீனைப் பிடித்து, வயிற்றுப் பக்கத்துச் செட்டைகளில் ஒன்றை அடியோடு வெட்டிக் குளத்தில் விட்டால், பிறகு எங்கே கண்டாலும் துரவு மீன் என்று அடையாளம் தெரியும் என்றீர். அதற்கும் அம்மாவிடம் உத்தரவு கேட்க வேண்டியிருந்தது. அம்மா கத்தரிக்கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "உயிருக்குப் பழுதில்லையெண்டா வெட்டு. நகம் வெட்டுற மாதிரி நினைச்சுக்கொள்ளுறன்." நான் பிடிக்க, நீர் வெட்டினீர்.

குளத்துக்கு வருவது தெரிந்துவிட்டது. குளம் வற்றும்போது என்ன செய்கின்றன? "வந்த மாதிரியே துரவுக்குத் திரும்பிப் போயிடும்" என்றீர். நான் விடவில்லை.

"ஆடி வெயிலுக்க எப்பிடி நடக்கும்? கருவாடாப் போயிடும். அதெல்லாம் கொக்குக்குத்தான். புதுசு துரவிலயிருந்து வரும்."

"வாற வழி தெரிஞ்சதுக்குப் போற வழி தெரியாதோ? இருந்து பாரும்."

நான்தான் இருந்து பார்த்தேன். மாசியில் வந்த காய்ச்சலுக்கு உம்மை ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கேயே போய்விட்டீர். அதைப்பற்றி இன்றைக்கு எழுதவில்லை, எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

நீர் எழுதிவைத்த கட்டுரையை அண்ணை பேராசிரியருக்கு அனுப்பினார். நல்ல கட்டுரை, சஞ்சிகையில் போடலாம், ஆனால் மீன் துரவுக்குத் திரும்புகிறது என்று முடித்திருப்பதற்குக் கண்டவர் சாட்சி வேண்டும் என்று பதில் வந்தது. அண்ணை கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து இறங்கினார். உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. "அவளின்ர பேர் அச்சில வரவேணும் பாக்கியம். அது ஒண்டுதான் எனக்கு" என்றார். எனக்கும் அதே ஆசைதான். உம்மோடு எவ்வளவு வாதாடினாலும், இந்த ஒருமுறை நீர் வெல்ல வேண்டுமென்று நேர்த்திகூட வைத்தேன்.

ஆவணியில் குளம் காய்ந்தது. வழக்கம்போல ஊர்ச்சனம் வயலுக்குப் போடக் குளத்து வண்டலை வெட்டி வண்டில்களில் ஏற்றினார்கள். நான் மண்வெட்டியோடு பின்னால் போய்க் கட்டிகளை உடைத்துப் பார்த்தேன். "என்ன பாக்கியக்கா, புதையலோ?" என்று பகிடி பண்ணினார்கள். மேலே ஓடு மாதிரிக் காய்ந்த மண், அடியில் கொஞ்சம் ஈரம். அப்படி ஒரு கட்டியை உடைத்தபோது உள்ளே ஒரு பனையேறி, சேற்று நிறத்தில், செவுளை மெல்ல அசைத்துக்கொண்டு! சந்தோசத்தில் கத்தியேவிட்டேன். திருப்பிப் பார்த்தால், வயிற்றில் ஒரு செட்டை இல்லை. அன்று பின்னேரத்துக்குள் அப்படி இன்னும் சிலது.

விளங்குகிறதா மச்சாள்? உம்முடைய மீன்கள் திரும்பிப் போகவில்லை. கொக்கும் தின்னவில்லை. வந்த இடத்திலேயே சேற்றுக்குள் படுத்துவிட்டன. நீரும் பிழை, நானும் பிழை. நீர் மட்டும் பக்கத்தில் நின்றிருந்தால் இரண்டு பேரும் விசரிகள் மாதிரிச் சிரித்திருப்போம்.

அண்ணை சிரிக்கவில்லை. "ஒருத்தரிட்டையும் சொல்லாதை. பிழையெண்டா ஆர் போடுவினம்? செத்த மனிசியைப் பிழைகாரியாக்கப் போறியோ?"

"பொய் எழுதச் சொல்லுறியளோ?"

"சிலது திரும்பிப் போயிருக்கும். துரவுக்க பாப்பம்."

அடுத்த நாள் வாளியோடு துரவில் இறங்கினார். கடைக் கதிரையில் இருந்து பழகிய மனிதர், வெயிலில் நின்று பின்னேரம்வரை இறைத்தார். "சாப்பிட வா மோனை" என்று அம்மா கூப்பிட்டும் ஏறவில்லை. தண்ணீர் முழங்காலளவுக்கு வந்ததும் பனையோலைக் கடகத்தால் மீனைக் கோலி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் வயிற்றில் இரண்டு செட்டையும் இருந்தது. கடைசி மீனைக் கையில் வைத்துக்கொண்டு சட்டைப் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். உம்முடைய கத்தரிக்கோல்.

மேலே நின்ற எனக்கு விளங்கிவிட்டது. ஒரு வெட்டுப் போதும், உம்முடைய கட்டுரை சரியாகிவிடும். அந்த மீன் அவருடைய கையில் வாயைத் திறந்து திறந்து மூடியது. கத்தரிக்கோலைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டார்.

"எழுது பாக்கியம். ஒண்டும் திரும்பி வரேல்லையெண்டு எழுது. அவள் என்னட்ட ஒரு நாளும் பொய் சொல்லேல்லை. அவளின்ர பேரில நான் சொல்லுறதோ?"

அப்படியே சேற்றுச் சரிவில் குந்தியிருந்து அழுதார். உம்முடைய செத்தவீட்டில்கூட அவர் அழவில்லை. நானும் துரவுக்குள் இறங்கிப் பக்கத்தில் இருந்தேன்.

கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பிவிட்டோம், வயிற்றுக் குறியோடு சேற்றில் கிடந்த மீனைப்பற்றியும் சேர்த்து. பதில் இன்னும் வரவில்லை. போடுவார்களோ, விடுவார்களோ? நீரென்றால் அதைப்பற்றிக் கவலைப்படாமல் அடுத்த கேள்விக்குப் போயிருப்பீர்: அப்படியானால் துரவிலிருந்து ஏன் நடந்து வருகிறது? சேற்றில் படுத்தது மழைக்கு எழும்பி எங்கே போகிறது?

வடகிழக்கில் முகில் கறுத்துவிட்டது. நாளைக்குச் சஷ்டி தொடக்கம், அம்மாவிடம் உத்தரவு வாங்கியாயிற்று. அண்ணை பதுளைக்குப் போகாமல் நிற்கிறார். மழையைப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். இம்முறை அவர் பிடிப்பார், நான் வெட்டுவேன். நீர் சரியென்று கண்டால் அதையும் எழுதுவோம், பிழையென்று கண்டால் அதையும் எழுதுவோம். உம்மீது எவ்வளவு ஆசையிருந்தாலும் பொய்யாக ஒரு வெட்டும் விழாது. இது உமக்கு நாங்கள் இரண்டு பேரும் பண்ணித்தரும் சத்தியம்.

நீர் இல்லாமலும் உம்மோடு வாதாடிக்கொண்டிருக்கும்,
உம்முடைய மச்சாள்
பாக்கியம்
நெடுந்தீவு