இழுத்து மூடச் சொன்னவள்

மார்ச் 3

அவசரப் பிரிவு வாசலில் காவலுக்கு நின்ற மீசைக்காரரை இன்றோடு நிறுத்திவிட்டார்கள். சிக்கன நடவடிக்கையாம். போகும்போது தன் தடியை என் மேசையில் வைத்து, "வச்சுக்குங்க சிஸ்டர், உதவும்" என்றார். சிரித்தோம். ஆக்சிஜன் சிலிண்டரும் முன்பு வந்ததில் பாதிதான் வருகிறது. சட்டமன்றத்தில் வாய்ச்சண்டைக்கு மட்டும் குறைவில்லை. கஜானா காலி என்கிறது ஒரு கட்சி, காலி செய்ததே நீங்கள்தான் என்கிறது இன்னொன்று. நோயாளியின் ஆட்கள் திட்டுவது என்னவோ எங்களைத்தான்.

மார்ச் 9

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது.

மதியம் ஒருவன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும். உதடு நீலம். வேலை செய்த ஒரே சிலிண்டர் இன்னொருவர் மூக்கில். அடுத்ததைத் திறந்தேன், காலி. அதற்கடுத்ததும் காலி. மாடியிலிருந்து ஒன்றை உருட்டி வருவதற்குள் பையன் போய்விட்டான்.

அப்பன் கத்தவில்லை. சிலிண்டர் திறக்கிற ஸ்பேனரை என் கையிலிருந்து பிடுங்கி, அதே கையில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது தலைக்கு வந்தபோது டாக்டர் குறுக்கே விழுந்தார். தரையில் ரத்தம், என்னுடையதா அவருடையதா தெரியவில்லை. எவனோ ஒருவன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "இழுத்து மூடுங்கய்யா இந்த ஆஸ்பத்திரிய" என்று கத்தினேன்.

மார்ச் 10

மாவுக்கட்டு. வலி. அந்தப் பையனின் செருப்பு ஒன்று அவசரப் பிரிவுக் கட்டிலுக்கடியில் கிடந்ததாம்.

மார்ச் 12

டிவியில் நான். நிதி அமைச்சர் அந்தப் படத்தைச் சட்டமன்றத்திலேயே போட்டுக் காட்டினார். "அங்க வேலை பாக்குற சகோதரியே இழுத்து மூடச் சொல்றாங்க. ஊழியர்களோட பாதுகாப்புக்காக அந்த அவசரப் பிரிவை மூடுறோம்." மேசையைத் தட்டினார்கள். எங்களுக்குத் தரும் நிதியை வெட்டச் சாக்குத் தேடி அலைந்தவர்கள்! நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது. பெற்ற பிள்ளையைக்கூடக் கோபத்தில் 'நாசமாப் போ' என்கிறோம். அதை உத்தரவாக எடுத்துக்கொள்கிறவன் மனுஷனா?

தம்ளரை எறிந்ததில் டிவி உடைந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சில்லுகளைப் பெருக்கினார். "இனிமே பக்கத்து ஊருக்குத்தான் ஓட்டணும். பாதிப் பேரு வழியிலயே முடிஞ்சிடுவாங்க" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 15

கதவைத் திறந்தால் இறந்த பையனின் அம்மா. புருஷன் சிறையில். முகத்தில் அறைந்த மாதிரி கதவைச் சாத்தத்தான் நினைத்தேன். காலை வைத்துத் தடுத்தாள்.

"அவரு அடிச்சது தப்புதான். வேணும்னா என்னை ரெண்டு அடி அடிச்சுக்கோ. எனக்கு இன்னொண்ணு இருக்கு, அதுக்கும் இதே இழுப்புதான். நீ மூடச் சொல்லிட்டியே, நான் எங்க தூக்கிட்டு ஓடுறது?"

அடிக்கத்தான் கை வந்தது, சத்தியமாக. கட்டுப் போட்ட கை. மேலே எழும்பவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

மார்ச் 18

பிரிவின் வாசலை மறித்து உட்கார்ந்தோம். நர்சுகள், டிரைவர்கள், துப்புரவுக்காரர்கள், தெருக்காரர்கள். அந்தப் பையனின் அம்மாவும் வந்திருந்தாள். மைக்கில் நான் சொன்னது இவ்வளவுதான்: "மூடச் சொன்னது என் வலி. நான் திறந்து வைக்கச் சொல்றேன்."

போலீஸ் உள்ளே புகுந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை, தடி மட்டும்தான். எங்கள் தலைமை நர்ஸ் அக்காவின் மண்டை பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். அவள் முடியைப் பிடித்து இழுத்துப் போனவனின் கையைக் கடித்தேன். தோல் பிய்ந்து வாயில் உப்புக் கரித்தது. விடவில்லை. என் முதுகில் எத்தனை விழுந்தது என்று நினைவில்லை. அக்காவுக்கு எங்கள் பிரிவிலேயே தையல் போட்டார்கள். மரத்துப்போக ஊசி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் தைச்சுத் தொலைங்க" என்றாள்.

மார்ச் 22

மூடவில்லை. எதிர்க்கட்சி சபையை நடத்தவிடாமல் செய்ததில் அரசு இறங்கி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: ஊழியர் தாக்கப்பட்டதாக இனி ஒரு புகார் வந்தாலும் அன்றே பூட்டு. காவலாளி? கிடையாது. சிலிண்டர்? பார்க்கலாம்.

மிட்டாய் கொடுத்தார்கள். தலையில் கட்டோடு அக்கா மட்டும் வாங்கவில்லை. "அடி வாங்குறதுக்கு லைசென்ஸ் குடுத்திருக்கான், புரியுதா?" என்றாள். எனக்குப் புரியவில்லை.

மே 6

வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியிருக்கிறது.

மே 20

ஒரு நோயாளியின் ஆட்கள் டாக்டரைச் சட்டையைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். எழுந்து தூசியைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜூன் 2

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண்ணை இன்று ஒரு குடிகாரன் சுவரோடு வைத்து அறைந்தான். வயிற்றில் உதைத்தான். நாங்கள் ஓடிப்போய் அவனை இழுப்பதற்குள் அவள் உதடு கிழிந்து பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே போனை எடுத்தாள். "போலீசுக்குச் சொல்லப் போறேங்க்கா."

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அவள் மணிக்கட்டை முறுக்கிப் போனைப் பிடுங்கினேன். அவளுக்கு வலித்தது, எனக்குத் தெரியும், விடவில்லை. "படியில விழுந்தேன்னு சொல்லு. சொல்லுடி" என்றேன்.

சொன்னாள். அவனைப் பார்த்துப் பயந்ததைவிட என்னைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தாள். உதட்டுக்கு நானே தையல் போட்டேன். நாளைக்கு அவளுக்குக் காலை டியூட்டி. வருவாளா தெரியவில்லை.